'சர்' பட்டம் கொடுத்த அரசே தூக்கில் போட்டது ஏன்? யார் இந்த ரோஜர் கேஸ்மென்ட்?

1911-ல் பிரிட்டன் அரசு 'சர்' பட்டம் கொடுத்து கௌரவித்த தூதரக அதிகாரி அவர். 1916 ஆகஸ்ட் 3-ம் தேதி, லண்டன் பென்டன்வில் சிறையில் அதே அரசு அவரைத் தேசத்துரோகி என்று தூக்கிலிட்டது. இடையில் 5 வருஷம்தான். அப்படி என்ன நடந்தது?

ரோஜர் கேஸ்மென்ட் 1864-ல் டப்ளின் அருகே பிறந்தவர். அயர்லாந்து அப்போது பிரிட்டன் ஆட்சியில் இருந்தது. இளம் வயதிலேயே ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போனவர், பின்னர் பிரிட்டிஷ் கான்சல் ஆனார்.

கைகளை வெட்டிய ரப்பர் வியாபாரம்

காங்கோ அந்தக் காலத்தில் பெல்ஜியம் மன்னர் இரண்டாம் லியோபோல்டின் சொந்தச் சொத்து மாதிரி. ஒவ்வொரு கிராமமும் இவ்வளவு ரப்பர் தர வேண்டும் என்று கணக்கு. தராவிட்டால் துப்பாக்கிச்சூடு. தோட்டாவை வீணாக்கவில்லை என்று காட்ட, செத்தவர்களின் கையை வெட்டிக்கொண்டு போனார்கள் சிப்பாய்கள். உயிரோடு இருந்தவர்களின் கைகளும் தப்பவில்லை.

1903-ல் ஆற்று வழியாக உள்ளே போன கேஸ்மென்ட், பாதிக்கப்பட்டவர்களிடமே பேசி வாக்குமூலம் வாங்கினார். 1904-ல் அறிக்கை வெளியானதும் உலகமே கொந்தளித்தது. 1908-ல் லியோபோல்ட் காங்கோவை பெல்ஜியம் அரசிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

அடுத்து 1910-ல் அமேசானின் புடுமாயோ பகுதி. இங்கேயும் ரப்பர், இங்கேயும் சவுக்கடி, பட்டினி, கொலை. ஆனால் இந்த முறை அது லண்டனில் பதிவான கம்பெனி!

எதிரி நாட்டில் உதவி

அடுத்தவர் மண்ணைப் பிடித்து ஆள்வது எப்படியிருக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தவருக்கு, சொந்த ஊர் மட்டும் வேறாகத் தெரியுமா? 1913-ல் பணியிலிருந்து விலகி அயர்லாந்து விடுதலை இயக்கத்தில் இறங்கினார். முதல் உலகப்போர் தொடங்கியதும் ஜெர்மனிக்கே போய் ஆயுதம் கேட்டார். கிடைத்த உதவி போதாது என்று அவருக்கே தெரிந்தது. கிளர்ச்சியைத் தள்ளிப்போடச் சொல்லும் எண்ணத்தோடுதான் 1916 ஏப்ரல் 21-ல் நீர்மூழ்கிக் கப்பலில் அயர்லாந்தின் கெர்ரி கடற்கரைக்கு வந்தார். அன்றே பிடிபட்டார்.

கமாவில் தொங்கிய வழக்கு

வழக்கு 1351-ம் ஆண்டின் தேசத்துரோகச் சட்டப்படி நடந்தது. வெளிநாட்டில் செய்தது அந்தச் சட்டத்தில் வருமா என்பதே கேள்வி. பழைய வாசகத்தில் நிறுத்தக்குறி எங்கே என்று வாதாடினார்கள். 'கமாவால் தூக்கிலிடப்பட்டவர்' என்ற பெயர் வந்தது இதனால்தான்.

ஆர்தர் கோனன் டாயில், பெர்னார்ட் ஷா போன்றவர்கள் மன்னிப்புக்காகக் குரல் கொடுத்தார்கள். உடனே, கேஸ்மென்ட் தன்பாலின உறவாளர் என்று காட்டும் அவரது டைரிப் பக்கங்களை அதிகாரிகள் முக்கியப் புள்ளிகளிடம் ரகசியமாகச் சுற்றவிட்டார்கள். ஆதரவு கரைந்தது. இருந்ததிலேயே மட்டமான வேலை இது.

1965-ல் உடல் எச்சங்கள் டப்ளினுக்குத் திரும்பி, அரசு மரியாதையுடன் கிளாஸ்நெவின் மயானத்தில் அடக்கமாயின. அவர் கேட்டிருந்ததோ வட அயர்லாந்தின் மர்லோ கடற்கரை. அங்கே கொண்டுபோகக் கூடாது என்பது பிரிட்டன் போட்ட நிபந்தனை.