பழவேற்காடு – சென்னை: தொலைவும் பயண நேரமும்

பழவேற்காடு, திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், பழவேற்காடு ஏரியின் தென்கரையில் உள்ள மீனவ ஊர். சென்னை சென்ட்ரலிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 40 கி.மீ. வடக்கே உள்ளது. மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு இது 3 நிமிடத் தொலைவு. ஆனால் பொன்னேரி வழியாகச் செல்லும் சாலையோ சுமார் 60 கி.மீ.; பேருந்தில் இரண்டு மணி நேரம் ஆகலாம். தொலைவு மாறுவதில்லை, வழி மாறும்போது பயண நேரம் மாறுகிறது. இவ்வூரின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

துறைமுகக் காலம்

டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கு கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையில் அவர்களின் வணிகத்துக்கு இதுவே தலைமையிடம். ஆங்கிலேயர் சென்னையில் இடம் பெற்றது 1639-இல்தான். அன்று பெரிய துறைமுகம் பழவேற்காடு. சென்னை அதற்குத் தெற்கே இருந்த சிறு குடியிருப்பு. 1825-இல் பழவேற்காடு ஆங்கிலேயர் வசமானது.

கால்வாய்க் காலம்

1806-இல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 18 கி.மீ. கால்வாய் வெட்டத் தொடங்கினார். பின்னர் அது பழவேற்காடு ஏரி வரை நீண்டது. 1837-இல் கிழக்கிந்திய கம்பெனி இதை ஏற்று மேலும் விரிவாக்கியது. 1877–78 பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாகச் சென்னைக்குள் கூவமும் அடையாறும் இணைக்கப்பட்டன. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது. வடக்கே பெத்தகஞ்சம் முதல் தெற்கே மரக்காணம் வரை இதன் நீளம் சுமார் 420 கி.மீ.

பாய் விரித்தும், கழி ஊன்றியும், கரையில் நடந்தபடி கயிற்றால் இழுத்தும் படகுகளைச் செலுத்தினர். மணிக்கு 4 கி.மீ. நடைவேகம் என்று கொண்டால் 40 கி.மீ. கடக்க 10 மணி நேரம். மெதுவான வழிதான், ஆனால் ஏரிக்கரை ஊர்களின் வாசலிலேயே தொடங்கிய வழி. ஸ்ரீஹரிகோட்டா விறகு சென்னை அடுப்புகளுக்கு வந்ததும் இவ்வழியேதான்.

சாலைக் காலம்

இருப்புப்பாதை பொன்னேரி வழியாகச் சென்றது, பழவேற்காட்டுக்கு வரவில்லை. லாரிப் போக்குவரத்து பெருகியதும், 1965, 1966 ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்ததும் படகுப் போக்குவரத்தை முடித்துவைத்தன. ஏரியின் மறுகரையில் உள்ள லைட் ஹவுஸ் குப்பம் போன்ற ஊரார், பாலம் வரும்வரை படகேறிப் பழவேற்காட்டுக்கு வந்த பின்னரே பேருந்து பிடிக்க முடிந்தது.

மீனவருக்கு இது வெறும் கணக்கு அல்ல. பிடித்த மீன் சந்தைக்குப் போகத் தாமதமானால் ஐஸ் செலவு கூடும், விலை குறையும். பிரசவத்துக்குப் பெரிய மருத்துவமனை தேடிச் செல்பவருக்கு அந்த இரண்டு மணி நேரம் இன்னும் பெரிது.

2008-இல் இக்கால்வாய் தேசிய நீர்வழி 4-இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் பழவேற்காட்டு மீன் இன்றும் சாலை வழியாகவே சென்னைக்கு வருகிறது. வரைபடத்தில் அளவுகோல் வைத்துத் தொலைவு அளக்கும் மாணவர்கள், அங்கிருந்து எந்த வழியில், எவ்வளவு நேரத்தில் வர முடியும் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்வது நல்லது.