ஈறும் உடலும்: வீழ்ந்து எழுந்த ஒரு கோட்பாடு

'ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்' என்று இலக்கண வகுப்பில் சொன்னதும் மாணவர் நகைப்பதை நாம் பலமுறை கண்டதுண்டு. மருத்துவ வரலாற்றில் ஈறு கெட்ட கதையோ நகைப்புக்குரியதன்று.

1900ஆம் ஆண்டு வில்லியம் ஹன்டர் என்னும் இலண்டன் மருத்துவர், வாயில் தேங்கும் சீழே உடலின் பல நோய்களுக்கு ஊற்றுக்கண் என்று எழுதினார். 1910இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உரையாற்றியபோது, அழுகிய பல்வேர்களின்மேல் பொற்கவசம் பூட்டும் வழக்கத்தைக் கடுமையாகச் சாடினார். சிகாகோவின் ஃபிராங்க் பில்லிங்ஸ் இதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தார். ஓரிடத்தில் குடிகொண்ட கிருமி குருதிவழியே சென்று மூட்டையும் இதயத்தையும் கெடுக்கும் என்பது அதன் சாரம். பென்சிலின் கண்டறியப்படாத காலம் அது. மருந்து இல்லாத இடத்தில் குறடு புகுந்தது.

எவ்வளவு தூரம் புகுந்தது என்பதை அறிய அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள டிரென்டன் மனநல மருத்துவமனையை நோக்க வேண்டும். 1907இல் அதன் தலைவரான ஹென்றி காட்டன், நோயாளிகளைக் கட்டிவைக்கும் கொடுமையை ஒழித்தவர். தம் காலத்தில் சீர்திருத்தவாதியெனப் போற்றப்பட்டவர். மனநோய்க்கும் மறைந்துகிடக்கும் சீழே காரணமென நம்பிய அவர், நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார். குணமாகவில்லையெனில் தொண்டைச் சதையை அகற்றினார். அதற்கும் பயனில்லையெனில் பெருங்குடலை அறுத்தார். உயிரிழந்தோர் பலர். அவர் போலியல்லர் என்பதே நம்மை அச்சுறுத்துவது. தம் பிள்ளைகளின் பற்களையும் எடுக்கச் செய்தவர் அவர். 1920களின் நடுவில் ஃபிலிஸ் கிரீனேக்கர் என்னும் பெண் மருத்துவர் நேரில் ஆய்ந்து, அவருடைய வெற்றிக் கணக்குகள் பொய்த்தவை என அறிக்கை எழுதினார். அவ்வறிக்கை வெளியிடப்படவில்லை. காட்டன் 1933இல் மறைந்தார். பல்லை இழந்தும் நோய் நீங்காது அம்மருத்துவமனையிலேயே காலங்கழித்தோரின் குரல் எந்த ஏட்டிலும் முழுதாகப் பதிவாகவில்லை.

கோட்பாட்டைச் சாய்த்தது வேறோர் ஆய்வு. முன்னர் அதனை ஆதரித்த ரஸ்ஸல் செசில், 1938இல் ஆஞ்செவைன் என்பவருடன் சேர்ந்து முடக்குவாத நோயாளிகள் 200 பேரை ஆராய்ந்து, பல்லும் தொண்டைச் சதையும் அகற்றியதால் பெரும்பாலோர்க்குப் பயனில்லை என்று அறிவித்தார். தம் கருத்தைத் தாமே மறுத்த அந்த நேர்மை போற்றத்தக்கது. ஆயினும் அதன்பின் வாய்க்கும் உடலுக்கும் உறவுண்டு என்ற பேச்சே ஏறத்தாழ அரை நூற்றாண்டு அமுங்கிப்போயிற்று.

1989இல் பின்லாந்தில் மட்டிலாவும் குழுவினரும், மாரடைப்புக்குள்ளான 100 பேரின் வாய்நிலை, ஒப்பீட்டுக்குக் கொண்ட 102 பேரின் நிலையைவிட மோசமாக இருப்பதைக் கண்டனர். கேள்வி மீண்டும் உயிர்பெற்றது. இம்முறை விளக்கம் நுட்பமானது. ஈறுநோயில் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே பை போன்ற பள்ளம் விழுகிறது. அதன் உட்சுவர் புண்ணாகிறது. மெல்லும்போதும் துலக்கும்போதும் கிருமிகள் அவ்வழியே குருதியில் கலக்கின்றன. புண்ணில் எழும் வேதிச் செய்திகள் கல்லீரலை எட்ட, அது சி-ரியாக்டிவ் புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. உடல் முழுவதும் அழற்சி என்பதற்கு அப்புரதம் ஓர் அடையாளம்.

2007இல் டொனெட்டியும் குழுவினரும் கடும் ஈறுநோயுற்ற 120 பேரிடம் நடத்திய ஆய்வு நம்மைப் பெரிதும் ஈர்க்கிறது. ஈறுகளை ஆழமாகச் சுத்தம் செய்த மறுநாள் உடலின் அழற்சி கூடிற்று, குருதிக்குழாய்களின் இயக்கம் தளர்ந்தது. ஆறு மாதங்களுக்குப் பின்னரோ, வழக்கமான சிகிச்சை பெற்றோரைவிட அவர்களின் குருதிக்குழாய்கள் நன்கு இயங்கின. சிகிச்சையால் மாரடைப்பே குறையும் என்பதற்கு மட்டும் சான்றில்லை என 2012இல் அமெரிக்க இதயச் சங்கம் தெளிவுபடுத்திற்று. தொடர்பை அது மறுக்கவில்லை.

கோட்பாட்டைக் கவிழ்த்த முடக்குவாதமே இன்று மீண்டும் ஆய்வுக்கு வந்துள்ளது. ஈறுநோய்க் கிருமியான போர்ஃபிரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ், நம் புரதங்களின் வடிவை மாற்றும் நொதியொன்றை உடையது. அவ்வாறு திரிந்த புரதங்களையே முடக்குவாத நோயாளியின் எதிர்ப்பணுக்கள் தாக்குகின்றன. இரண்டுக்கும் உள்ள உறவு காரணமா, உடனிகழ்வா என்னும் வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. குறடு மட்டும் இம்முறை எடுக்கப்படவில்லை.