சினைமுட்டை முதிர்ச்சி (பசு)

பாலூட்டிகளின் சினைப்பையில் பாதி வழியில் நின்றுபோன முட்டை, விந்தணுவை ஏற்கும் தகுதியை அடையும் கடைசிக் கட்டமே சினைமுட்டை முதிர்ச்சி. குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் முட்டையின் குன்றல் பகுப்பு, கன்று தாய் வயிற்றில் இருக்கும்போதே தொடங்கி நின்றுவிடும். பல ஆண்டுகள் கழித்து, பசு சினைக்கு வரும் பருவத்தின்போதுதான் மீண்டும் நகரும். அதற்கான ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதை, வெட்டாறு கடலில் கலக்கும் நாகூரை உள்ளிட்ட காவிரிக் கடைமடையின் உம்பளச்சேரிப் பசுவைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

வரலாறு

1827இல் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர், நாயின் சினைப்பையில் பாலூட்டியின் முட்டையை முதன்முதலில் இனங்கண்டார். 1935இல் பின்கஸ், என்ஸ்மன் இருவரும் முயலின் முட்டையை, சினைப்பையில் அது வளரும் நீர்ப்பையான நுண்ணறையிலிருந்து வெளியே எடுத்து வளர்ப்புக் கரைசலில் இட்டனர். எந்தத் தூண்டலும் இல்லாமல் அது முதிரத் தொடங்கியது. முட்டையை அதுவரை அடக்கி வைத்திருந்தது நுண்ணறையே என்பது இதனால் தெளிந்தது.

ஆற்றல் பற்றிய அறிவுக்கு அடித்தளம் 1967இல் அமைந்தது. பிகர்ஸ், விட்டிங்காம், டோனஹூ ஆகியோர் சுண்டெலி முட்டையைச் சுற்றியுள்ள கியூமுலஸ் செல்களை நீக்கிவிட்டுக் குளுக்கோஸ் கொடுத்தனர்; முட்டை முதிரவில்லை. பைருவேட் கொடுத்ததும் முதிர்ந்தது. கியூமுலஸ் செல்கள் உடனிருந்தபோது குளுக்கோஸே போதுமானதாயிற்று. முட்டைக்குச் சமைத்துப் போடுபவை அதைச் சூழ்ந்த செல்களே என்பது இவ்வாறு உறுதியானது.

உடலுக்கு வெளியே முட்டையைக் கையாளும் இத்தகைய முயற்சிகளின் வழியில், 1990இல் கர்னால் தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தில், உலகின் முதல் சோதனைக்குழாய் எருமைக் கன்றான ‘பிரதம்’ பிறந்தது.

வைக்கோலிலிருந்து முட்டைக்கு

சம்பா அறுவடைக்குப் பின் பசு தின்னும் வைக்கோலிலிருந்து குளுக்கோஸ் நேரடியாகக் கிடைப்பதில்லை. முதல் இரைப்பையின் நுண்ணுயிரிகள் நாரைச் சிதைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. அவற்றுள் புரோப்பியோனேட்டைக் கொண்டு கல்லீரல் குளுக்கோஸ் ஆக்குகிறது. அது இரத்தம், நுண்ணறை நீர் வழியாகக் கியூமுலஸ் செல்களை அடைந்து அங்கே பைருவேட்டாகிறது. இச்செல்கள் முட்டையுறையைத் துளைத்து நீட்டும் நுண்கரங்கள் முட்டையைத் தொட்டு நிற்கின்றன. முட்டைக்குள் வந்த பைருவேட்டை மைட்டோகாண்ட்ரியாக்கள் எரித்து, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி.யை ஆக்குகின்றன. குரோமோசோம்களைப் பிரிக்கும் கதிர்க்கோலை அமைக்கவும், துருவச் செல்லை வெளித்தள்ளவும் இதுவே செலவாகிறது. குளுக்கோஸின் ஒரு பங்கு வேறு பாதையில் சென்று, ஆக்சிஜனேற்றச் சிதைவிலிருந்து முட்டையைக் காக்கும் குளூட்டத்தயோனுக்குத் துணைசெய்கிறது.

பசுவின் முட்டையின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. நுண்ணோக்கியில் சுண்டெலி முட்டை தெளிவாகத் தெரியும். பசுவினுடையது கொழுப்புத்துளிகள் நிறைந்து கருமையாகத் தெரியும். அக்கொழுப்பு துணை எரிபொருள். முதிர்ச்சியின்போது, நெருங்கியிருந்த கியூமுலஸ் செல்கள் பிசுபிசுப்பான கூழில் தளர்ந்து விரியும்.

காலக்கணக்கு

பருவத்தின் தொடக்கத்தில் லூட்டினைசிங் ஹார்மோன் பெருகுகிறது. ஏறத்தாழ 24 மணி நேரத்தில் முட்டை முதிர்கிறது. சற்றுப் பின்னர் வெளியேறுகிறது. பசு கத்துவதும், கண்ணாடி போன்ற கோழை வழிவதும் வெளியே தெரியும் அறிகுறிகள். காலையில் கத்தினால் மாலையில், மாலையில் கத்தினால் மறுநாள் காலையில் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) என்ற வழக்கம் இந்தக் கணக்கை ஒட்டியது.

கன்று ஈன்றபின் பாலுக்குச் செல்லும் ஆற்றலைத் தீனி ஈடுகட்டாவிட்டால் உடற்கொழுப்பு கரையும். கொழுப்பு அமிலங்கள் நுண்ணறை நீரில் கூடி முட்டையைக் கெடுக்கும். மிகுதியாகக் கறக்கும் கலப்பினங்களே இதற்கு எளிதில் ஆளாகின்றன. அவற்றுக்கு மாறாக, உம்பளச்சேரி சேற்றுழவுக்கென வளர்ந்த குறைந்த கறவையினம்.

இன்றைய நிலை

2014இல் தொடங்கிய ராஷ்ட்ரிய கோகுல் மிஷன், நாட்டின மாடுகளில் சோதனைக்குழாய்க் கருவாக்கத்தையும் ஆதரிக்கிறது.