பதின்வயது ஆட்டக்காரருக்கு எந்த செஸ் மென்பொருள்?

1985-ல் ஹாம்பர்க் அணியின் எட்டுப் பேரோடு ஒரே நேரத்தில் ஆடிய காஸ்பரோவ் 3.5–4.5 என்று தோற்றுப்போனார். 1987-ல் மறுபடி வந்தபோது, எதிராளிகளின் பழைய ஆட்டங்களை 'செஸ்பேஸ்' மென்பொருளில் அலசிவிட்டு வந்தார். விளைவு? 7–1 என்று வெற்றி!

கவனியுங்கள்... அந்த மென்பொருள் அவருக்கு எந்தக் காயை நகர்த்துவது என்று சொல்லவில்லை. பழைய ஆட்டங்களைத் தேடிக் கொடுத்தது, அவ்வளவுதான். யோசித்தவர் காஸ்பரோவ்.

பிறகு விடையையே சொல்லும் எஞ்சின்களின் காலம் வந்தது. 1997-ல் ஐபிஎம்மின் 'டீப் ப்ளூ' அதே காஸ்பரோவைத் தோற்கடித்தது. 2008-ல் 'ஸ்டாக்ஃபிஷ்' இலவசமாகவே வந்துவிட்டது. ஆக, இன்று காசு பிரச்சினை இல்லை. எதை எப்போது கொடுப்பது என்பதுதான் பிரச்சினை. விடையை முதலிலேயே பார்த்துவிடும் பிள்ளைக்குக் கணக்குப் போடும் பழக்கம் எப்படி வரும்?

சென்னையின் குகேஷுக்கு, ரேட்டிங் 2500-ஐ ஒட்டி வரும்வரை பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா எஞ்சினைக் கண்ணில் காட்டவில்லை. 2024 டிசம்பரில், 18 வயதில், குகேஷ் உலக சாம்பியன்!

இதே வழி எல்லோருக்கும் பொருந்தாமல் போகலாம். ஆனாலும் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது பிள்ளையை யோசிக்க வைக்குமா, இல்லை பிள்ளைக்குப் பதிலாக யோசித்துவிடுமா?