எந்த மணிக்கூட்டின் பத்து மணி?

1990-இல் ஜேர்மனியில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுவது. "ஹால்ப் ஆக்ட்" வரச் சொன்னார் முதலாளி. காதுக்கு அது 'ஹாஃப் எய்ட்' போலவே இருந்தது. எட்டரை என்று எடுத்துக்கொண்டேன். எட்டேகாலுக்கே போய்விட்டேன், நல்ல பெயர் கிடைக்கும் என்ற நினைப்போடு. உள்ளே என் இடத்தில் வேறொருவர் நின்று கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். ஹால்ப் ஆக்ட் என்றால் ஏழரை. "உங்கட ஆக்களுக்கு நேரம் தெரியாது" என்று முதலாளி சொன்னதை, மொழி கொஞ்சம் பிடிபட்ட பிறகுதான் விளங்கிக்கொண்டேன்.

பதினொரு வருடம் கழித்து லண்டனுக்கு வந்தேன். வேலை கொடுத்தவர் "ஹாஃப் எய்ட்" என்றார். சூடு கண்ட பூனை அல்லவா? ஏழரைக்கே போய், பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு மணி நேரம் குளிரில் நின்றேன். இங்கே ஹாஃப் எய்ட் என்றால் எட்டரை.

இரண்டு தரமும் என்னை ஏமாற்றியது ஒரு சின்னச் சொல்தான். 'ஹாஃப் பாஸ்ட் எய்ட்' என்ற தொடரில் 'கடந்து' என்று பொருள் தரும் 'பாஸ்ட்' என்பதைப் பிரித்தானியர் பேச்சில் விழுங்கிவிடுகிறார்கள். ஜேர்மனியரோ எட்டாவது மணியில் பாதி ஆகிவிட்டது என்று கணக்கிடுகிறார்கள். பழைய ஆங்கிலத்திலும் இந்த வகை எண்ணும் முறை இருந்தது. ஒன்றரையை 'இரண்டாவதில் பாதி' என்று சொல்வார்கள். நாமோ எட்டோடு அரையைச் சேர்த்து எட்டரை என்கிறோம்.

அன்றிலிருந்து இந்தச் சின்னச் சொற்களின் பின்னால் திரிகிறேன். 'ஓ'க்ளொக்' என்பதில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'ஓ', 'ஆஃப் த க்ளொக்' என்பதன் மிச்சம். அதாவது 'மணிக்கூட்டின்படி'. 14-ஆம் நூற்றாண்டிலேயே சோசர் இந்தத் தொடரை எழுதியிருக்கிறார். பத்து மணி என்றால் போதாதா, மணிக்கூட்டின்படி என்று ஏன் சொல்ல வேண்டும்? அப்போது சூரியனைப் பார்த்துச் சொல்லும் நேரமும் இருந்தது. எந்த நேரம் என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

ரயில் வந்த பிறகு அந்தக் கேள்வி வேறு உருவத்தில் திரும்பி வந்தது. பிரிஸ்டல் லண்டனுக்கு மேற்கே இருப்பதால் அதன் உள்ளூர் நேரம் பத்து நிமிடம் பிந்தியது. 1840-இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே தன் பாதை முழுவதற்கும் லண்டன் நேரத்தை ஏற்றுக்கொண்டது. பிரிஸ்டல் நகரமோ 1852 வரை தன் நேரத்தை விடவில்லை. அங்குள்ள பழைய தானியச் சந்தைக் கட்டடத்தின் மணிக்கூட்டில் இன்றும் இரண்டு நிமிட முட்கள் உண்டு. ஒன்று லண்டனுக்கு, மற்றது ஊருக்கு.

1858-இல் டோர்செஸ்டர் நகர நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. விசாரணை பத்து மணிக்கு. கிரீனிச் நேரம் காட்டிய நீதிமன்ற மணிக்கூட்டைப் பார்த்து நீதிபதி அமர்ந்தார். பிரதிவாதி வரவில்லை, தீர்ப்பு அவருக்கு எதிராகப் போனது. பிறகு வந்து சேர்ந்த அவரது தரப்பு, ஊர் நேரப்படி தாங்கள் பிந்தவில்லை என்றது. மேல்நீதிமன்றம் அதை ஏற்றது. சட்டம் வேறு மாதிரிச் சொல்லாதவரை, பத்து மணி என்பது அந்த இடத்தின் பத்து மணிதான் என்று தீர்ப்பாகி, மறுவிசாரணை கிடைத்தது. 1880-இல்தான் கிரீனிச் நேரம் பிரித்தானியாவின் சட்டபூர்வ நேரமானது. அயர்லாந்து 1916 வரை டப்ளின் நேரத்தில் இருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் குரல்தான் கேட்டது. 1996 மே மாதம் இலங்கை அரசு மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணியைக் குறைத்தது. மிச்ச அரை மணி 2006 ஏப்ரல் வரை நீடித்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. ஒரே தீவில் இரண்டு நேரம். தொலைபேசியில் "நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்கிறன்" என்றால், அம்மா உடனே கேட்பா: "பழைய நேரமோ, புது நேரமோ, தம்பி?" 2002-இல் ஏ9 பாதை திறந்த பிறகு போனபோது, ஓமந்தையைக் கடந்ததும் வானில் இருந்த எல்லாரும் கைமணிக்கூட்டின் முள்ளைத் திருப்பினோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

அம்மா கேட்ட கேள்வியும் 'ஓ'க்ளொக்'கில் உள்ள 'ஓ'வும் டோர்செஸ்டர்காரரின் வழக்கும் ஒன்றுதான்: எந்த மணிக்கூட்டின்படி?

போன மாதம் ஒரு பிறந்தநாள் விழா. அழைப்பிதழில் ஆறு மணி என்று இருந்தது. எட்டுக்குத்தான் ஆட்கள் வந்தார்கள். "டமில் டைம்" என்று மகள் சிரித்தாள். விழாவுக்குப் பிந்துவது நாமே செய்துகொண்ட பழக்கம். அதற்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பில் உணவக முதலாளியின் குரலும் கொஞ்சம் கலந்திருந்தது. வீடு திரும்பும்போது காரில் அவளுக்கு ஹால்ப் ஆக்ட் கதையைச் சொன்னேன். வேலை போன இடத்தில் அவள் சிரிக்கவில்லை.

"அப்ப நீங்கள் பிந்தேல்லையே, அப்பா" என்றாள். "அவருடைய மணிக்கூட்டில் பிந்தினேன்" என்றேன்.