அணைக்கட்டுக்குக் கீழே ஒரு அமைதியான ஊர்

கல்முனையிலிருந்து அம்பாறைக்கு பஸ்ஸில போற எல்லாருக்கும் இந்த விஷயம் கண்ணில பட்டிருக்கும். காரைதீவுச் சந்தியில மேற்கால திரும்புற வரைக்கும் மதிலோட மதில் முட்டிக்கொண்டு நிக்கிற வீடுகள். வளவு என்று சொல்ல ஒன்றுமில்லை. சம்மாந்துறை தாண்டினால் வயல்வெளி. அம்பாறைக்குள்ள போனால் ரோட்டு அகலமாகிடும், மரநிழல் வந்திடும், வீட்டைச் சுத்தி முற்றம் இருக்கும். அங்கிருந்து இன்னும் 20 கிலோமீற்றர் அளவில இங்கினியாகலை. அங்க போனால் குருவிச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேக்காது. நாங்க பெருநாள் லீவில வேன் பிடிச்சுப் போவம், குளத்தைப் பார்ப்பம், சோத்துப் பார்சலைப் பிரிச்சுச் சாப்பிடுவம், "என்ன காத்து, என்ன அமைதி" என்று சொல்லிட்டுத் திரும்பிடுவம்.

அந்த அமைதி தானாக உருவானதில்லை. அதுக்கு ஒரு வரைபடம் இருந்தது. அந்த வரைபடத்தின் மூலப் பிரதியைத் தேடினால் நாங்க போய்ச் சேருற இடம் கொழும்பு இல்லை, அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைநாடு.

1933ஆம் ஆண்டு அமெரிக்கா பொருளாதார மந்தத்தில் நொந்துபோய்க் கிடந்தது. அந்த மே மாதத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். டென்னசிப் பள்ளத்தாக்கு அதிகார சபை, சுருக்கமாக டி.வி.ஏ., அப்படித்தான் பிறந்தது. வெள்ளத்தைக் கட்டுப்படுத்துறது, மின்சாரம் எடுக்கிறது, மண்ணரிப்பைத் தடுக்கிறது, ஏழை விவசாயிகளின் வாழ்க்கையை மாற்றுறது எல்லாத்தையும் ஒரே சபையின் கையில் குடுத்தார்கள். அதன் முதல் அணை கிளிஞ்ச் ஆற்றின் குறுக்கே, 1933 தொடக்கம் 1936 வரை. பெயர் நொரிஸ் அணை. இந்தச் சபைக்காக நெடுங்காலம் வாதாடிய செனட்டர் ஜோர்ஜ் நொரிஸின் பெயர்.

அணை கட்டுற தொழிலாளிகளுக்குத் தற்காலிகக் கொட்டில் போடுறதுதான் அந்தக் காலத்து வழக்கம். டி.வி.ஏ. அப்படிச் செய்யவில்லை. ஏர்ல் டிரேப்பர் என்ற திட்டமிடலாளரின் தலைமையில், நிரந்தரமாக இருக்கப்போற ஒரு முழு ஊரையே கட்டியது. அந்த ஊருக்கும் நொரிஸ் என்றுதான் பெயர். இங்கிலாந்தின் தோட்ட நகரக் கருத்தை எடுத்து மலைநாட்டுக்குப் பொருத்தினார்கள். நேர்கோட்டு வீதிகள் இல்லை, மேடு பள்ளத்துக்கு ஏற்ற மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போற வீதிகள். நடுவில பொதுப் புல்வெளி. ஊரைச் சுத்திக் காட்டுப் பட்டை. வீடுகள் சின்னதுதான், ஆனால் திண்ணை வைச்சவை, மின்சாரம் போட்டவை. பக்கத்து மலைக் கிராமங்களில் மண்ணெண்ணெய் விளக்கு எரிஞ்ச காலம் அது.

நான் நொரிஸைப் பார்த்தது போட்டோக்களிலும் செய்மதிப் படத்திலும்தான். ஆனால் அம்பாறையையும் இங்கினியாகலையையும் பார்த்த கண்ணுக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை.

போட்டோவில் தெரியாத விஷயங்கள் இரண்டு இருக்கு. ஒன்று, அந்த நீர்த்தேக்கத்துக்காக ஏறத்தாழ 3,000 குடும்பங்கள் எழுப்பப்பட்டன. தலைமுறை தலைமுறையாக அந்த மலையடிவாரத்தில் சோளம் போட்டு வாழ்ந்த சனம். கப்றுகளைக்கூடத் தோண்டி வேற இடத்துக்கு மாத்தினார்கள். அந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவர்களுக்குப் புது நொரிஸில் வீடு கிடைக்கவில்லை, அது அவர்களுக்காகக் கட்டினதும் இல்லை. இரண்டாவது, கறுப்பினத்தவர்களுக்கு அந்த ஊரில் இடமே இல்லை. அணையில் வேலை செய்யலாம், ஊரில் குடியிருக்க ஏலாது. 1934இலேயே கறுப்பின உரிமை இயக்கத்தினர் அங்க போய் விசாரிச்சு, 'த கிறைசிஸ்' பத்திரிகையில் அதை வெளிச்சம் போட்டுக் காட்டினார்கள். டி.வி.ஏ.யின் நியாயம் என்ன தெரியுமா? அந்தப் பிரதேசத்தின் வழமையை மீற ஏலாதாம். ஒரு பள்ளத்தாக்கின் மண், ஆறு, காடு, மின்சாரம் எல்லாத்தையும் மாத்த வந்த சபைக்கு இதை மட்டும் மாத்த ஏலாமல் போச்சு.

1948இல் டி.வி.ஏ. அந்த ஊரை ஏலத்தில் வித்தது. இன்றைக்கு அது நொக்ஸ்வில் நகரத்துக்கு வேலைக்குப் போய் வாற ஆக்கள் வாழுற, 1,600 பேர் அளவிலான ஒரு அமைதியான புறநகர்.

உலகப் போர் முடிஞ்ச கையோட, புதுசாகச் சுதந்திரம் கிடைச்ச நாடுகளுக்கெல்லாம் டி.வி.ஏ. ஒரு மந்திரச் சொல்லாகிட்டுது. இந்தியாவில் 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கூட்டுத்தாபனம் வந்தது. அடுத்த வருஷம் இலங்கையில் கல்லோயா அபிவிருத்திச் சபை. டி.எஸ். சேனாநாயக்கவின் கனவுத் திட்டம். சபைக்கு டி.வி.ஏ. மாதிரியே பரந்த அதிகாரம், அணையைக் கட்ட மொரிசன் நுட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி. கல்லோயா என்று சிங்களத்தில் சொல்ற ஆறுதான் எங்கட ஆக்கள் பட்டிப்பளை ஆறு என்று சொன்ன ஆறு. பெயர் மாறின விதத்திலேயே பாதிக் கதை இருக்கு.

இங்கினியாகலைக்கு இந்தக் கட்டுரைக்காகவே ஒருநாள் தனியாகப் போனேன். சோத்துப் பார்சல் இல்லாமல் போனால் ஊர் வேற மாதிரித் தெரியுது. மலைக்கும் மலைக்கும் இடையில அணைக்கட்டு, அதுக்குப் பின்னால கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் சேனாநாயக்க சமுத்திரம். கீழே மின்நிலையம், மரங்களுக்குள்ள மறைஞ்ச பழைய பங்களாக்கள். தேத்தண்ணிக் கடைக்காரர் "மல்லி, எங்க இருந்து?" என்று கேட்டார். கல்முனை என்றதும் சிரிச்சார். "தண்ணி பாக்க வந்ததா? தண்ணி கல்முனைக்குத்தான் போறது" என்றார் அவருக்குத் தெரிஞ்ச தமிழில். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் உண்மை. அந்த மலையிடுக்கில திறக்கிற தண்ணிதான் வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி, கடைசியில எங்கட கரையோர வட்டைகளுக்கு வருது. நாங்க கடைசி ஆக்கள். மேல குறைஞ்சால் முதலில காயுறது எங்கட கண்டம்.

அந்தச் சமுத்திரத்தின் அடியில வேடர்களின் வேட்டைக்காடும் குகைகளும் கிடக்கு. கிளிஞ்ச் ஆற்றங்கரைக் குடும்பங்களைப் போல அவர்களும் எழுப்பப்பட்டு, குடியேற்றங்களில் விவசாயிகளாக்கப்பட்டார்கள். எங்கட ஊரில் கல்லோயாவைப் பற்றிப் பேசுற யாரும் அவர்களைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

குடியேற்றம்தான் இந்தக் கதையின் நெஞ்சு. கண்டிப் பக்கம், கேகாலைப் பக்கம் இருந்து காணியில்லாத சிங்களக் குடும்பங்கள் பெருந்தொகையாகக் கொண்டுவரப்பட்டன. வயல் காணி, மேட்டுக் காணி, ஒரு வீடு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தேயிலைத் தோட்டங்களால் நெருக்கப்பட்ட கிராமங்களிலிருந்து, மலேரியாவுக்கும் யானைக்கும் நடுவில வந்து காடு வெட்டின ஏழைச் சனம் அது. கரையோரத்தை ஒட்டின சில குடியேற்றங்கள் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் கிடைச்சன. மத்திய முகாம் பக்கம் போனால் இன்றைக்கும் 4ஆம் கொலனி, 5ஆம் கொலனி என்றுதான் ஊர்ப்பெயர். திட்டத்தாளில் போட்ட இலக்கத்தோடயே மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்திட்டுது.

ஆக மொத்தத்தில் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு, நாட்டின் அரசியல் போற திசையில் எழுதப்பட்டது. 1956 ஜூனில் சிங்களம் மட்டும் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்தது. அதே மாதம் கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர்கள் மீது கொலைவெறித் தாக்குதல் நடந்தது. மட்டக்களப்பில் ஒரு சிங்களப் பெண்ணுக்கு அநியாயம் நடந்ததாக ஒரு பொய் வதந்தி பரவினது, அரசாங்க வாகனங்களையே கைப்பற்றிக்கொண்டு கும்பல்கள் கிளம்பின. நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டதாகப் பொதுவாகச் சொல்லப்படுது. சுதந்திர இலங்கையின் முதலாவது பெரிய இனக்கலவரம் என்று பாடப்புத்தகங்களுக்கு வெளியே எழுதப்படுற நிகழ்வு, நாங்க பெருநாளுக்குச் சுற்றுலாப் போற பாதையில்தான் நடந்தது.

இந்த இடத்தில எங்கட பக்கக் கதையையும் கொஞ்சம் கிளறிப் பார்க்கணும். "எல்லாத்தையும் பறிச்சிட்டானுகள்" என்ற ஒற்றை வரியில் கல்லோயாவை முடிச்சுவிடுறது எங்கட மேடைகளில் சுலபம். என்ட மூத்தாப்பா அப்படிச் சொல்ல மாட்டார். அணைக்கு முந்தி மழையை நம்பி ஒரு போகம்தான், வானம் பொய்த்தால் அதுவும் இல்லை என்பார். கரையோரத்தில் பழைய குளங்கள் இருந்ததுதான். இறக்காமக் குளம், அம்பாறைக் குளம் எல்லாம் 1850களில் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்திலேயே திருத்தப்பட்டவை. ஆனால் சிறுபோகத்தையும் நம்பிச் செய்யலாம் என்ற நிலைமை அனேக வட்டைகளுக்கு வந்தது சமுத்திரம் நிறைஞ்ச பிறகுதான். அதில அதிகம் லாபம் பார்த்தது யார்? ஏற்கெனவே ஏக்கர் கணக்கில் வயல் வைச்சிருந்த போடிமார். முல்லைக்காரனுக்கும் கூலிக்கு வெட்டினவனுக்கும் புதுக் காணி வரவில்லை. எங்கட சமூகத்துக்குள்ள இருந்த இந்த ஏற்றத்தாழ்வை மறைச்சுவிட்டு, மேற்கே மட்டும் கை நீட்டுறது அரைவாசி வரலாறுதான்.

1970இல் பேராசிரியர் பி.எச். ஃபார்மரின் தலைமையிலான குழு ஒன்று திட்டத்தை மதிப்பிட்டு, செலவோட ஒப்பிட்டால் பலன் குறைவு என்று அறிக்கை குடுத்தது. 1980களின் தொடக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். வாய்க்கால்கள் தூர்ந்து, கடைசி வயல்களுக்குத் தண்ணி வராமல் கிடந்தது. அப்ப இடதுகரையில் விவசாயிகளைச் சின்னச் சின்னக் குழுக்களாகச் சேர்க்கிற ஒரு முயற்சி தொடங்கினது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்து நோர்மன் அப்ஹொஃப் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கார். மேல் வாய்க்காலில் இருந்த சிங்கள விவசாயிகள் தண்ணியை மிச்சம் பிடிச்சு, கீழே இருந்தவர்களுக்கு விட்டதாக அதில் பதிவு இருக்கு, கீழே இருந்தவர்களில் தமிழ் விவசாயிகளும் இருந்தார்கள். நாட்டில் இனப்போர் வெடிச்ச அதே வருஷங்களில் இது நடந்தது. திட்டத்தாளில் இல்லாத ஒரு விஷயம் வாய்க்கால் கரையில நடந்திருக்கு. எனக்கு இந்த முழுக் கதையிலும் பிடிச்ச பகுதி இதுதான்.

அம்பாறை நகரம் அந்தச் சபைக்காக எழுந்த நகரம். 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிச்சுப் புது மாவட்டம் உருவாக்கினபோது கச்சேரியும் அங்கதான் அமைஞ்சது. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் நூற்றுக்கு 43 பேர் அளவில் முஸ்லிம்கள், 39 பேர் அளவில் சிங்களவர், 17 பேர் அளவில் தமிழர். ஆனால் ஒரு காணிப் பிரச்சினைக்குக் கையெழுத்து வேணுமென்றால் கரையோரத்துச் சனம் மேற்கே பஸ் ஏறணும். கரையோர மாவட்டம் கேட்கிற அரசியலின் அடிவேர் இந்த பஸ் பயணத்தில்தான் இருக்கு.

பிறகு கடல் வந்தது. 2004 டிசம்பர் 26. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது எல்லாம் நாட்டிலேயே அதிகம் உயிர்களைக் குடுத்த ஊர்கள். கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள்ள வீடு கட்டக்கூடாது என்று முதலில் அரசாங்கம் சொன்னது. கிழக்கால கடல், மேற்கால வயல், நடுவில ஒரு கீற்று நிலம்: அதில 200 மீற்றரைக் கழிச்சால் என்ன மிஞ்சும்? அகதிகளைக் குடியேற்ற உள்நாட்டில் காணி தேட வேண்டி வந்தது. அந்தத் தேடல் மறுபடியும் பழைய கேள்வியில் போய் முட்டினது: மேற்கே உள்ள நிலம் யாருக்கு?

அக்கரைப்பற்றின் நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நிதியில் 500 வீடுகள் எழும்பின. வீடு மட்டும் இல்லை, பாடசாலை, வைத்தியசாலை, பள்ளிவாசல், சந்தை, பஸ் நிலையம் எல்லாம் சேர்ந்த ஒரு முழு ஊர். வரிசையாக வீதிகள், ஒவ்வொரு வீட்டுக்கும் இடைவெளி. நொரிஸைத் திட்டமிட்டவர்கள் பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார்கள். ஆனால் 2008இல் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தீகவாபி விகாரையை அண்டின பிரதேசத்தில் அரச காணியை முஸ்லிம்களுக்கு மட்டும் குடுக்கிறதா என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். நாட்டின் இன விகிதாசாரப்படிதான் பகிரணும் என்ற வகையில் தீர்ப்பு வந்தது. கடல் விகிதாசாரம் பார்த்து அடிக்கவில்லையே என்று அப்ப பத்திரிகையில் கேட்டவர்கள் கேட்டார்கள். வீடுகள் வருஷக் கணக்காகக் கையளிக்கப்படாமலே கிடந்தன.

அந்த ரோட்டால போனபோது பார்த்தேன். சுவர்களில் கொடி ஏறியிருந்தது, சில வீடுகளில் கதவு நிலை மட்டும், சில வீடுகளில் அதுவும் இல்லை. வீதிகள் நல்ல அகலம். ஒரு மாடு நடு வீதியில படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது, எழுப்ப ஆளில்லை. என்னோட பைக்கில வந்த கூட்டாளி சாய்ந்தமருதுக்காரன். சுனாமி நேரம் அவனுக்கு மூணு வயசு, பிறகு வாடகை வீட்டிலயே வளர்ந்தவன். அவன் வீடுகளை எண்ணத் தொடங்கினான். அறுபதுக்குப் பக்கத்தில எண்ணிட்டு, "வா போவம், லுஹருக்கு நேரமாகுது" என்றான்.