சீருடைக்குள் ஒரு மனச்சான்று

நற்செய்தி ஏடுகளிலும் திருத்தூதர் பணிகளிலும் படைவீரர் சிலரைச் சந்திக்கிறோம். தம் ஊழியனுக்காக ஆண்டவரிடம் மன்றாடிய கப்பர்நாகூம் நூற்றுவர் தலைவர், சிலுவையடியில் நின்று உண்மையை அறிக்கையிட்ட நூற்றுவர் தலைவர், செசரியாவின் கொர்னேலியு ஆகிய மூவருமே போர்த்தொழிலர். அவர்களது தொழிலைக் கண்டு இறைவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. இரண்டு உலகப் போர்களிலும் செர்மானியச் சீருடை அணிந்த ஒரு கத்தோலிக்க ஆசிரியரின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் இம்மூவரும் என் நினைவுக்கு வருகின்றனர். அவர் பெயர் வில்ம் ஹோசன்ஃபெல்ட்.

செர்மனியில் ஃபுல்டா நகருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் 1895-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தை பக்தியுள்ள பள்ளி ஆசிரியர். 1914-இல் முதல் உலகப் போர் மூண்டபோது இளைஞர் ஹோசன்ஃபெல்ட் காலாட்படையில் சேர்ந்தார், 1917-இல் படுகாயமுற்றார், இரும்புச் சிலுவை விருதும் பெற்றார். போர் முடிந்தபின் தந்தையின் வழியிலேயே ஆசிரியரானார். மணம் முடித்து, ஐந்து பிள்ளைகளுக்குத் தந்தையாகி, தாலாவ் என்னும் சிற்றூரில் பாடம் நடத்தி வந்தார்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லவேண்டும். தோல்வியுற்ற நாட்டை நிமிர்த்துவார் என்று பலரைப்போல அவரும் இட்லரை நம்பினார். 1933-இல் நாசிகளின் பழுப்புச் சட்டைப் படையிலும், 1935-இல் கட்சியிலும் சேர்ந்தார். திருப்பலிக்குத் தவறாமல் சென்ற ஒருவர் அக்கொடியின்கீழும் நின்றார் என்பது நம் உள்ளத்தை உறுத்த வேண்டிய செய்தி.

1939-இல், நாற்பத்து நான்காம் வயதில், மீண்டும் படைக்கு அழைக்கப்பட்டுப் போலந்து நாட்டுக்கு அனுப்பப்பட்டார். பாபியானித்சே நகரில் போர்க்கைதிகளின் முகாம் அவர் பொறுப்பில் இருந்தது. கைதியான தன் கணவனைத் தேடிவந்த நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தியைச் சந்தித்தார். மனமிரங்கிக் கணவனை விடுவித்தார். அந்தக் குடும்பத்தாரோடு நட்பு வளர்ந்தது. போலந்து மொழியைக் கற்றார். செர்மானியச் சீருடையோடே போலந்து மக்களின் கோவில்களில் மண்டியிட்டுத் திருப்பலி கண்டார். ஏட்டில் படித்த கொள்கை அவரை மாற்றவில்லை. எதிரே வந்து நின்ற முகங்களே மாற்றின.

1940 முதல் வார்சாவில் படையின் விளையாட்டுப் பயிற்சிக் கூடம் அவர் கையில் இருந்தது. அதனையே அடைக்கலமாக்கினார். இரகசியக் காவல்துறை தேடிய குருவானவர் ஒருவரை வேறு பெயரில் அங்கு மொழியாசிரியராக அமர்த்தினார். திரெப்லிங்கா கொலைமுகாமுக்குச் சென்ற தொடர்வண்டியிலிருந்து தப்பிய லேயோன் வார்ம் என்ற யூதருக்குப் பொய்ச் சான்றிதழும் வேலையும் தந்தார். 1943-இல் யூதர் குடியிருப்பு அழிக்கப்பட்டபோது, இப்பழி என்றும் நீங்காதென்றும், இதில் தாம் உட்பட அனைவருக்கும் பங்குண்டென்றும் நாட்குறிப்பில் எழுதினார். கட்சிக்காரர்மீது மட்டும் அவர் விரல் நீட்டவில்லை. எழுதிய ஏடுகளைச் சாதாரணத் தபாலிலேயே வீட்டுக்கு அனுப்பிவைத்தார். வழியில் யாரேனும் பிரித்திருந்தால் அவர் உயிர் தப்பியிராது.

1944 நவம்பரில், இடிந்து கிடந்த வார்சாவின் ஒரு வீட்டில், பசியால் வாடிய மனிதர் ஒருவர் உணவு தேடிக்கொண்டிருந்தார். அவர் விளாதிஸ்லாவ் ஷ்பில்மான் என்னும் யூத இசைக்கலைஞர். கேப்டன் ஹோசன்ஃபெல்ட் அவரைக் கண்டார், தொழிலைக் கேட்டார், அங்கிருந்த பியானோவை வாசிக்கச் சொன்னார். பின்பு பரணுக்குமேல் பாதுகாப்பான மறைவிடம் காட்டி, ரொட்டியும் போர்வையும் தம் மேலங்கியும் கொண்டுவந்து கொடுத்தார். சித்திரவதைக்கு உள்ளானால் காட்டிக்கொடுக்க நேருமே என்றஞ்சி, ஷ்பில்மான் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

1945 சனவரியில் ஹோசன்ஃபெல்ட் சோவியத் படையிடம் கைதியானார். தாம் காப்பாற்றியவர்களின் பெயர்களை 1946-இல் மனைவிக்கு எழுதி, அவர்களது உதவியை நாடச் சொன்னார். 1950-இல் லேயோன் வார்ம் அவர் வீட்டைத் தேடிச் சென்றபோது அப்பட்டியலைக் கண்டார். ஷ்பில்மானுக்குச் செய்தி பறந்தது. தம்மைக் காத்தவரின் பெயரை அறிந்த ஷ்பில்மான் போலந்து அரசின் உயர்மட்டம்வரை சென்று மன்றாடினார், பயனில்லை. இருபத்தைந்து ஆண்டுக் கடுங்காவல் தண்டனை பெற்றிருந்த ஹோசன்ஃபெல்ட், நோயுற்று, 1952 ஆகஸ்டு 13-ஆம் நாள் ஸ்டாலின்கிராடு முகாமில் மரித்தார்.

ஷ்பில்மானின் நினைவுநூலையொட்டி 2002-இல் வந்த திரைப்படம் இவ்வரலாற்றை உலகறியச் செய்தது. ஆயினும் எருசலேமிலுள்ள யாத் வாஷெம் நிறுவனம் அவசரப்படவில்லை. 1944 வார்சா எழுச்சியின்போது பிடிபட்டவர்களை அவர் விசாரித்ததுண்டு. ஆகவே கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் ஆராய்ந்து, போர்க்குற்றம் எதுவும் இல்லை என்று தெளிந்த பின்னரே, 2008-இல் அவரை 'உலக மக்களுள் நேர்மையாளர்' என ஏற்றது. அந்தத் தயக்கமும் நீதியே.

இரக்கச் செயல்கள் பழைய பிழையை இல்லாததாக்குவதில்லை. அவர் அதை அறிந்திருந்தார். ஆகவேதான் 'அவர்கள்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'நாம்' என்று எழுதினார். சாதியின் பெயராலும் மதத்தின் பெயராலும் நம்மைச் சுற்றி அநீதி நடக்கும்போது, குற்றத்தை எப்போதும் அடுத்த வீட்டில் தேடுகிறவர்கள் நாம். ஒப்புரவு அருளடையாளத்தை அணுகுமுன் நாம் செய்யும் ஆன்ம சோதனையில், அந்த ஆசிரியரின் 'நாம்' என்ற சொல்லையும் உடன் வைத்துக்கொள்வோம். அதன்பின், நம் வாசலில் வந்து நிற்கும் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்போம்.